சிவப்புத் தரை உள்ள வீடாகப் பாருங்கள்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். வீட்டிலேயே பிசிபி, அதாவது அச்சுச் சுற்றுப் பலகை, செய்யும் உத்தேசம் உள்ளவர் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். ரெட் ஆக்சைடு பூசி, ஓரத்தில் கருப்புப் பட்டை ஓடவிட்ட பழைய சிவப்புத் தரை என்றால் பேரம் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். பலகையின் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு சிந்தினால் துருநிறக் கறை விழும், போகவே போகாது. ஆனால் சிவப்புத் தரைக்கு நிறம் கொடுப்பதே இரும்பு ஆக்சைடுதான். இரும்புக் கறை அதில் கல்யாண வீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி கலந்துவிடும். புரமோட்டர் இடித்துக் கட்டிய புது ஃபிளாட்டில், வெள்ளை டைல்ஸ் மேல் குடியிருப்பவர்கள் தபலா கற்றுக்கொள்ளலாம்.

எதற்கு இதெல்லாம் என்று வீட்டில் கேட்பார்கள். துர்கா பூஜைக்கு என்று சொல்லுங்கள். ஏக்டாலியா எவர்கிரீன், மேடாக்ஸ் ஸ்கொயர் என்று அக்கம்பக்கமே விளக்கில் முழுகும் நாட்களில் இந்தப் பதிலை யாரும் மறுக்க முடியாது. பந்தலுக்குப் பந்தல் ஓடும் சந்தன்நகர் விளக்குகளின் அரிச்சுவடி ஒரு 555 ஐசி, ஒரு 4017 ஐசி, பத்து எல்இடி. 555 தாளம் போடும். 4017 அந்தத் தாளத்துக்கு எல்இடிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். இது கடையில் செய்து வைத்ததாகவே கிடைக்கும் என்பது மட்டும் வீட்டாருக்குத் தெரியக் கூடாது.

பொருள் வாங்கக் காளிகாட்டில் மெட்ரோ ஏறி சாந்தனி சௌக்கில் இறங்குங்கள். செம்பு ஒட்டிய பலகை இரண்டு ஜாதி: பழுப்பு ஃபீனாலிக், வெளிறிய பச்சையில் கிளாஸ் எபாக்சி. இரண்டிலும் செம்பின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். முதல் பலகை எப்படியும் வீணாகும், ஆகவே மலிவானதை வாங்குங்கள். ஃபெரிக் குளோரைடு மஞ்சள் கட்டியாகக் கிடைக்கும். பொட்டலத்தோடு அலமாரியில் வைக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும்; 37 டிகிரியில் தானே உருகும். கொல்கத்தாவில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை, 37-க்கும் பஞ்சமில்லை. சித்திரைப் பிறப்பன்று பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தபோது இதை நான் கற்றேன். இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டில் போதும்.

அடுத்தது அச்சு. இங்க்ஜெட் உதவாது. லேசர் பிரிண்டரின் டோனர் உண்மையில் பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும் என்பதுதான் இந்த வித்தையின் உயிர். தாளுக்கு தீபாவளி மலரின் பளபளப் பக்கம் உத்தமம். நகைக்கடை விளம்பரமானாலும் பரவாயில்லை, அந்த மை செம்புக்கு வராது. சுற்றின் படம் தாளில் கண்ணாடிப் பிம்பமாக, இடவலம் மாறி இருக்க வேண்டும். அப்போதுதான் செம்பில் நேராக விழும். சரிபார்க்க ஓர் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதிவையுங்கள்.

ஜெராக்ஸ் கடைப் பையனிடம்தான் எச்சரிக்கை தேவை. தாள் வெளியே வந்ததும் பார்த்துத் துடித்துப்போவான். “தாதா, உல்டோ!” என்று அலறி, நீங்கள் சில்லறை தேடும் இடைவெளியில் படத்தைத் திருப்பி, நேராக அச்சடித்து, கூடுதல் காசும் வாங்காமல் கையில் கொடுப்பான். என் பெயர் என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தது. நானும் நன்றி சொல்லி வாங்கி வந்தேன்.

பலகையைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளிச்சென்று துலக்கி, தாளைக் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்துச் சில நிமிடம் அழுத்துங்கள். பிறகு தண்ணீரில் ஊறவிட்டு, தாளைக் கட்டைவிரலால் கூழாக உரித்தெடுங்கள். அவசரம் கூடாது, நகைக்கடையோடு சுற்றின் கோடும் வந்துவிடும்.

இனி அரிப்பு. தமிழ் வீட்டுப் பரண் முழுக்க எவர்சில்வர். ஒன்றும் பயன்படாது, எவர்சில்வரையே ஃபெரிக் குளோரைடு குழி போடும். அலுமினியத்தை ஓட்டையாக்கும். ரசகுல்லா வந்த பிளாஸ்டிக் டப்பாதான் சரி, அது மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்து, தண்ணீரில் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டிமேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கக்கூடும். பலகையை உள்ளே விட்டுத் தொட்டில்போல் ஆட்டுங்கள். டோனர் மூடாத செம்பெல்லாம் கரைந்து போகும்.

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கார மாஷிமா மேலே வருவார். வியன்னாக்காரர் பால் ஐஸ்லர் 1936-இல் லண்டனில் அச்சுச் சுற்று வைத்து ரேடியோ செய்த கதையைச் சொல்லாதீர்கள், எடுபடாது. “உபேந்திரகிஷோர் ராய்” என்று ஆரம்பியுங்கள். 1895-இல் இதே ஊரில் தொழில் தொடங்கி ஹாஃப்டோன் அச்சு பிளாக் செய்தவர். அந்தக் காலத்தில் செம்பு பிளாக்கை அரித்ததும் இதே திரவம்தான். அவருடைய பேரன் சத்யஜித் ராய் படித்தது பாலிகஞ்ச் அரசுப் பள்ளியில். இதற்குள் மாஷிமா உட்கார்ந்துவிடுவார். அவர் காலடிக் கறையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மிச்சத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றுவது மட்டும் வேண்டாம். இதில் விளையாட்டு இல்லை. இந்தப் பகுதிக் கழிவுநீர் பாலிகஞ்ச் பம்பிங் ஸ்டேஷன் வழியாகக் கிழக்கே உள்ள சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த நிலத்தின் பேரிகள் என்னும் மீன்குளங்களில் கழிவுநீரை வைத்தே மீன் வளர்க்கிறார்கள். செம்பு மீனுக்கு விஷம். உங்கள் வீட்டில் சைவம் என்பதால் தப்பித்துக்கொள்ள முடியாது, கரியாஹாட் சந்தையில் மாஷிமா வாங்கும் ரோகு எந்தப் பேரியிலிருந்தோ? வாஷிங் சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நுரை அடங்கி வண்டல் இறங்கியதும், வண்டலைச் சிமெண்டில் குழைத்துக் கட்டியாக்குங்கள். என் வீட்டில் நான்கு கதவுக்கும் முட்டு இருக்கிறது.

ஐசிக் கால்களுக்கான துளை 0.8 மில்லிமீட்டர். பிட் உடையும். இன்னொன்று வைத்திருங்கள்.

ஐசியைப் பொருத்தும்போதுதான் ஜெராக்ஸ் பையனின் உபகாரம் தெரியவரும்: கால்கள் எல்லாம் இடவலம் மாறியிருக்கும். அழ வேண்டாம். ஐசி இரண்டையும் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாக்கப் போட்டு, கால்களைப் பின்பக்கமாக மடக்கி ஈயம் வையுங்கள். பேட்டரியை இணைத்தால் பத்து எல்இடியும் வரிசையாக ஓடும், வலமிருந்து இடமாக.

கூப்பிட்டுக் காட்டினால் மாஷிமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார். “உல்டோ” என்பார்.

பலகையைத் தலைகீழாகத் திருப்பி ஆணியில் மாட்டுங்கள்.