மீட்டிங் பிள்ளைத்தமிழ்: பருவ அடிப்படையில் ஓர் ஆய்வு

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பத்துப் பருவம் வகுத்து, பருவத்துக்குப் பத்தாக நூறு பாடல் பாடுவது பிள்ளைத்தமிழ் மரபு. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடிய நாள்முதல் தெய்வங்கள், மன்னர்கள், அரசியல் தலைவர்கள் என்று பிள்ளையாகப் பாவித்துப் பாடப்பட்ட பாட்டுடைத் தலைவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பிள்ளை தலையசைத்து, கைகொட்டி, தேருருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தாய் என்ன வேலையில் இருந்தாள் என்பதை மட்டும் புலவர்கள் விசாரிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககம். ஆய்வுப்பொருள், ஓர் ஆண் குழந்தை. ஆய்வாளர், அதன் தாய். மென்பொருள் நிறுவன ஊழியர். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் காலக்கணக்கு. மூன்றாம் மாதம் முதல் 21ஆம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களில் பருவங்கள் அமையும் என்பது பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியலார் கணக்குகளில் ஒன்று. அதன்படி காப்பு மூன்றில், செங்கீரை ஐந்தில். இந்திய மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. இதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவளுக்குக் குழந்தை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம். நான்கு மாதத்துக்குச் சற்று மேல். ஆக, விடுப்பு காப்புப் பருவத்தோடு தீர்ந்துவிடுகிறது. மிச்சம் ஒன்பது பருவமும் லாகின் செய்துகொண்டே பாட வேண்டியவை. வேலையின் தன்மை இடங்கொடுத்தால், இருதரப்பும் ஒப்பிய நிபந்தனைப்படி விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. பிள்ளையின் தன்மை இடங்கொடுக்குமா என்பதைச் சட்டம் ஆராயப் புகவில்லை.

காப்புப் பருவத்தில் புலவர் தெய்வங்களை வரிசையாக அழைத்துப் பிள்ளையைக் காக்கச் சொல்வார். நம் தாய் அழைக்கும் தெய்வங்கள் இன்வெர்ட்டர், பிராட்பேண்ட், ஊரிலிருந்து வரும் அம்மா. காப்பில் தெய்வங்களின் கொலைச் செயல்களைச் சொல்லலாகாது என்பது விதி. காலை ஸ்டாண்டப் மீட்டிங்கிலும் அதே விதிதான். முந்தின இரவு பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்பதை அங்கே சொல்லலாகாது. வேலைக்குத் தடை ஏதுமில்லை என்ற பொருளில் ‘நோ பிளாக்கர்ஸ்’ என்று முடிக்க வேண்டும்.

தாலப் பருவம் தாலாட்டுக்கு உரியது. வீட்டிலிருந்து செய்யப்படும் உண்மையான அலுவலக வேலை எல்லாம் பிற்பகல் தூக்கத்தில்தான் நடக்கிறது என்பது ஆய்வின் துணிபு. அந்தத் தூக்கத்தைக் காக்கும்பொருட்டு வாசற்கதவில் ‘பெல் அடிக்காதீர்கள், குழந்தை தூங்குகிறது’ என்று எழுதி ஒட்டப்பட்டது. கூரியர்காரர் அதை நின்று வாசித்தார். பொறுப்பான மனிதர், பெல்லைத் தொடவே இல்லை. போன் செய்தார். போன் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. “மேடம், பெல் அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க, கொஞ்சம் கதவைத் திறங்க.” அன்றைய தூக்கம் அத்துடன் முற்றிற்று.

சப்பாணியில் இரு கையும் சேர்த்துக் கொட்டுவது மரபு. கீபோர்டிலும் கொட்டலாம். அப்படி எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சலுக்கு மேலாளரிடமிருந்து ‘நோட்டட்’ என்று பதில் வந்தது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

முத்தப் பருவத்தில் ஒரு முத்துமாலைக்காகச் சற்று நின்று செல்ல வேண்டும். மதுரையில் திருமலை நாயக்கர் அவையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, அம்மனே அர்ச்சகர் மகளாக உருக்கொண்டு வந்து மன்னர் மடியில் அமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்தாள் என்பது வழிவழியாக வரும் கதை. நடந்துகொண்டிருக்கும் மீட்டிங்கில் குழந்தை புகுந்ததற்குத் தமிழில் இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அடுத்த சான்றுக்குத் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போக வேண்டும். 2017 மார்ச் 10 அன்று பேராசிரியர் ராபர்ட் கெல்லி வீட்டிலிருந்தபடி பிபிசியில் அரசியல் பேசிக்கொண்டிருக்க, அவர் மகள் ஆடிக்கொண்டே அறைக்குள் வந்தாள். பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை. அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்து இருவரையும் இழுத்துப்போனவர் மனைவி கிம் ஜங்-ஆ. உலகமே சிரித்து மகிழ்ந்தது; பார்த்தவர்களில் பலர் அந்தத் தாயை ஆயா என்று எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டு நிகழ்வும் ஆண்கள் பேசிய அவையில் நடந்தவை. ஒன்று திருவிளையாடல் ஆயிற்று, மற்றொன்று வைரல் ஆயிற்று. அதே குழந்தை தாயின் மீட்டிங்கில் புகுந்தால் ஆண்டிறுதி மதிப்பீட்டில் ஒரு கேள்வியாக வரும்: “எப்படி பேலன்ஸ் பண்றீங்க?” பக்கத்து அறையில் அதே பிள்ளையின் தகப்பனும் வேலை பார்க்கிறார், அவரிடம் இதைக் கேட்டதாக இதுவரை தரவு கிடைக்கவில்லை.

வாரானைப் பருவத்தில் தாய் பிள்ளையை ‘வருக, வருக’ என்று அழைப்பாள். களத்தில் அழைக்காதபோது மட்டுமே வருகை நிகழ்ந்தது. கூடவே சமையலறையிலிருந்து அத்தையின் குரலும் வந்தது: “கால்ல இருந்தா இரும்மா, மூணு விசில் வந்ததும் குக்கரை மட்டும் நிறுத்திடு.” வீட்டில் இருப்பவள் என்றால் வேலையில் இல்லாதவள் என்பது அத்தையின் கொள்கை மட்டுமன்று, அடுக்ககம் முழுதும் ஏற்றுக்கொண்ட கொள்கை. தண்ணீர் லாரிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எல்லா வீடுகளின் சார்பிலும் கையெழுத்துப் போடுபவள் இந்தத் தாயே.

சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. முறையே எக்செல் கோப்பு, எவர்சில்வர் தட்டு, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி என்று கொள்க. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரிய நீராடல் பருவத்துக்குக் கேமரா அணைந்திருந்தபடியால் தரவு இல்லை.

வரிசை மீறி அம்புலியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. புலவர்களே கடினம் என்று ஒப்புக்கொண்ட பருவம் அது. நிலாவைப் பிள்ளையோடு விளையாட அழைக்க, சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நால்வகை உபாயமும் அங்கே வேண்டியிருந்தது. நிலா காட்டிச் சோறூட்டும் வேளையும் அமெரிக்கக் கால் வரும் வேளையும் ஒன்றே. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்க, அது 7.30 ஆகி நேராக ரசஞ்சாதத்தின்மேல் வந்து விழுகிறது. நிலாவையாவது கூப்பிட்டுப் பார்க்கலாம். கிளையண்டைக் கொஞ்சம் தள்ளி வரச்சொல்ல எந்தப் பாட்டியலிலும் துறை இல்லை. ஆகவே நான்கு உபாயமும் பிள்ளைமேல் பாய்ந்தன. சாமமாக, “நாம ரெண்டு பேரும் சேர்ந்து மீட்டிங் பார்க்கலாமா கண்ணு?” பேதமாக, எதிர்வீட்டு அண்ணன் சமர்த்தாகச் சாப்பிடும் செய்தி. தானமாக, போனில் யூடியூப். மூன்றும் தோற்றபின் தண்டமாக, “பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்!” மியூட் அகன்றிருந்த கணம் அது. பூச்சாண்டி என்பவர் டீமில் புதிதாகச் சேர்ந்தவரா என்று நியூயார்க்கிலிருந்து ஒருவர் மரியாதையாக விசாரித்தார்.

அப்போது பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. பிள்ளை அந்தக் கதவைத் தட்டாமல் கடந்துதான் தாயின் கதவுக்கு வருகிறது. “அப்பா கால்ல இருக்காரு” என்ற வாக்கியத்தை ஒருமுறை சொன்னாலே வீடு முழுதும் கட்டுப்படுகிறது. சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. அந்த 97 நிமிடம் நம் ஆய்வுக்களத்தில் எந்த மணிக்கு நிகழ்ந்தது என்பதைக் கண்டறிய இயலவில்லை; தாய் அப்போது மீட்டிங்கில் இருந்திருக்கலாம்.

பாட்டியல் நூல்கள் பத்துப் பருவத்திலும் தந்தைக்கென்று ஒரு வேலையும் குறிக்கவில்லை. அக்காலத் தந்தையர்க்கு 7.30 மணிக்குக் கால் இருந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை.