நூறு வாட் வாய்க்குப் பூட்டு

திருத்தணியில் ஒரு சமுதாய வானொலி நடத்த உங்களுக்கு ஆசை வந்துவிட்டது என்று வையுங்கள். ஊருக்கு நல்லது செய்யும் ஆசை. இந்த நோய்க்கு டெல்லியில் மருந்து உண்டு. விண்ணப்பம் என்று பெயர்.

நீங்கள் தொண்டு நிறுவனமா? பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அது உள்துறைக்குப் போகும். பாதுகாப்புத் துறைக்கும் போகும். உங்கள் ஒலிபரப்பின் சக்தி 100 வாட். நம் வீட்டுத் திண்ணையில் எரிந்த பழைய குண்டு பல்புக்கும் அதே 100 வாட்தான். கோபுரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. பத்துக் கிலோமீட்டர் போனால் குரல் கம்மிவிடும். ஆந்திரத்து நகரியை எட்டினாலே அதிர்ஷ்டம். இதனால் தேசத்துக்கு ஆபத்து வருமா என்று ராணுவ அமைச்சகம் யோசிக்கும். நிதானமாக யோசிக்கும்.

அனுமதி வந்ததா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். 25,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுங்கள். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையிடம் தனி உரிமம் வாங்குங்கள். அதற்கு ஆண்டுக் கட்டணம் தனி. 2012இல் அந்தக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 91,000 ஆக்கினார்கள். நாடெங்கும் சின்ன வானொலிகள் கூச்சல் போட்ட பிறகே இறங்கி வந்தார்கள். தானியக் கொள்முதல் விலையை என்றைக்காவது இப்படித் தாவவிட்டிருக்கிறார்களா?

2024இல் கொஞ்சம் தாராளம் காட்டினார்கள். முதல் அனுமதி 10 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். மணிக்கு ஏழு நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடம் ஆனது. சோப்பு விற்க ஐந்து நிமிடம் கூடக் கிடைத்தது. செய்தி சொல்ல? ஒரு நொடிகூட இல்லை.

ஆம், செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே போடலாம், வேண்டுமானால் மொழிபெயர்த்துப் போடலாம். சொந்தமாக ஒரு வரி சேகரித்தால் குற்றம். தட்பவெப்பம், போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு இவையெல்லாம் செய்தி இல்லையாம், சொல்லலாம். தண்ணீர், மின்சார அறிவிப்பும் சொல்லலாம், நிர்வாகம் எழுதிக் கொடுத்தால். ஆக, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று வாசிக்கலாம். வரவில்லையே, ஏன் என்று கேட்டால் அது செய்தி. ஆடிக்கிருத்திகைக்குக் காவடிகள் வருகின்றன என்று பாடலாம். வந்த கூட்டத்துக்குக் கழிப்பறை போதவில்லை என்றால் அது செய்தி. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளின் பெருமை பேசலாம். ஒரு படி பெயர்ந்து கிடந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

காரணம்? பாதுகாப்பு, கண்காணிக்க ஆள் இல்லை என்கிறது அரசு. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று விதி போட்டதும் இதே அரசு. பதிவு கையில் இருக்கிறது. கேட்டுப் பார்க்கத்தான் காது இல்லை. தொலைக்காட்சியில் 24 மணி நேரமும் தொண்டை கிழியக் கத்தலாம். கைப்பேசி வைத்திருப்பவன் எவனும் யூடியூபில் எதையும் அளக்கலாம். தேசம் தாங்கும். திருத்தணி குண்டு பல்பு பேசினால் மட்டும் இடிந்துவிடும்.

அலைவரிசை மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. அமைச்சகம் சொத்தை மட்டும் குறித்துக்கொண்டது. 2023 செப்டம்பர் 5இல், திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளன்று, தனியார் பண்பலைகளாவது மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை கூடியது. 234 ஊர்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம் போட முடிவெடுத்தது. அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். விலை போடத் தெரிகிறது. வாய் திறந்துவிடத்தான் தெரியவில்லை.

திருத்தணி 1953இல் ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி.யும் மக்களும் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு திரும்பி வந்தது. மாநில எல்லையையே ஆறரை ஆண்டில் திருத்த முடிந்த நாட்டில், கால் நூற்றாண்டாக ஒரு விதியைத் திருத்த முடியவில்லை. எண்பதுகள் வரை, ரேடியோ கேட்பதற்கே தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் வாங்கிய ஜனம் நாம். கேட்கும் உரிமத்தை ஒழித்தார்கள். பேசும் உரிமத்தில் பேச்சை ஒழித்துவிட்டார்கள்.

தண்டனையில் மட்டும் விதி தெளிவாக இருக்கிறது. முதல் மீறலுக்கு ஒரு மாதம் வரை ஒலிபரப்பு நிறுத்தம். இரண்டாவதற்கு மூன்று மாதம் வரை. அதற்கும் மேல் போனால் அனுமதியே ரத்து. குழாய் வறண்டதைச் சொன்ன வானொலிக்கு இவ்வளவு. குழாயை வறளவிட்ட அலுவலகத்துக்கு எத்தனை மாதம்? விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அச்சடிக்கவே இல்லை.