‘டியூப்லைட்’ என்னும் வசவு: ஒரு வெப்பவியல் மறுவாசிப்பு

நோக்கம்: புரிய நேரமாகிறவர்களை ‘டியூப்லைட்’ என்கிறோம். இது குற்றமற்ற ஒரு பொருளின்மீது சாட்டிய பழி என்று நிறுவுதல்.

ஆய்வு எல்லை: எங்கள் வீட்டுக் கூடம்.

முன்னோடிகள்: பித்தளையையும் எஃகையும் பட்டையாகச் சேர்த்து, வெப்பத்தால் கடிகாரம் பிசகாமல் பார்த்துக்கொண்டவர் ஜான் ஹாரிசன். அந்தப் பட்டையைக் கொண்ட அவரது மூன்றாவது கடல் கடிகாரத்தை முடிக்க 19 ஆண்டுகள் ஆயின. நம் ஆய்வு மாணவர்கள் ஆறுதல் கொள்க. அவர் முடித்தார் என்பதுதான் வேறுபாடு. 1925-இல் திமோஷென்கோ, சூட்டில் இத்தகைய பட்டை வளைவதற்குச் சூத்திரம் தந்தார். அதை மேற்கோள் காட்டுவது மரபு, படிப்பது மரபன்று. நான் மரபை மீறவில்லை.

கோட்பாடு: ஒரு மீட்டர் பித்தளை 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.9 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2 தான். தனித்தனியே இருந்தால் வம்பில்லை. ஒட்டிவைத்தால், அதிகம் நீள்வது வெளிப்பக்கமாகப் பட்டை வளையும். (காண்க: பெரியம்மா, ‘கூட்டுக் குடும்பம்’, வாய்மொழி, திண்ணைப் பதிப்பு.)

வகைப்பாடு: வளைவு இருவகைப்படும்.

அ) இஸ்திரிப்பெட்டி வளைவு. சூடு மிஞ்சினால் அணைக்கும்.

ஆ) ஸ்டார்ட்டர் வளைவு. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் உள்ள சின்னக் கண்ணாடிக் குமிழில் வாயு ஒளிர்கிறது. அந்தச் சூட்டில் பட்டை வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. தொட்டதும் ஒளி அடங்கி, சூடு தணிந்து, பட்டை நிமிர்ந்து விலகுகிறது. விலகும் கணத்தில் சோக் விடும் உதையில் டியூப் எரிகிறது. உதை சரியாக விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. (காண்க: எலக்ட்ரீஷியன், ‘சோக் போயிருச்சு சார்’, ஸ்டூல்மேல் நின்று ஆற்றிய உரை, அதே அறிஞரின் ‘இல்ல, ஸ்டார்ட்டர்தான்’, திருத்திய இரண்டாம் பதிப்பு, சோக்கின் விலை திருப்பித் தரப்படவில்லை.)

ஆக, டியூப் காத்திருக்கிறது, தாமதிப்பது பட்டை. ‘சரியான ஸ்டார்ட்டர்டா நீ’ என்பதே பிழையற்ற வசவு.

பின்னிணைப்பு: டியூப் எரிந்தபின் ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். பட்டம் வாங்கியபின் நூலகத்தை இப்படிக் கழற்றிவிட்ட பேராசிரியர்கள் உண்டு, பிரகாசத்தில் குறையில்லை.

முடிவுரை: இதை வீட்டில் உரக்க வாசித்தேன். மகள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “அப்பா, கூடத்துல எல்இடி மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு.”

இந்தத் தாமதத்துக்கு எந்த உலோகத்தைப் பொறுப்பாக்குவது என்பது மேலாய்வுக்கு உரியது.