முள்ளுக்கு வந்த காய்ச்சல்

1959 முதல் 2000 வரை தயாரான மினி காரில், என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் பெரும்பாலும் எண்களோடு மெனக்கெடுவதில்லை. சி, என், எச் என்று மூன்றே எழுத்துகள்: குளிர், சரி, சூடு. பழைய மினி வைத்திருப்பவர் சாலையைப் பார்ப்பதைவிட இந்த முள்ளைப் பார்ப்பதுதான் அதிகம். எச் பக்கம் அது சாய்ந்ததும், கொளுத்தும் வெயிலானாலும் ஹீட்டரைப் போட்டுவிடுவார். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இறக்கும் வழி அது. உள்ளே இருப்பவர்கள் வெந்தாலும் பரவாயில்லை, வண்டிக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

காய்ச்சல் வண்டிக்கா, முள்ளுக்கா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும். அதன் கூட்டின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். (டேப் இல்லாத பளபளப்பான உலோகம் இந்தக் கருவியையும் ஏமாற்றும்.) அங்கே 90க்குப் பக்கத்தில் இருந்து, முள் எச்சில் நின்றால் முள்தான் புளுகுகிறது. சூடு நிஜமென்றால் முள் யோக்கியன். ரேடியேட்டரைத்தான் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் மீட்டர் ஒழுங்காக இருந்து சூட்டு மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டினால், சந்தேகம் என்ஜினில் திருகியிருக்கும் சென்சார் மேல் விழும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்; மின்சாரம் கூடும்; முள் ஏறும். கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாக அடுப்படியில் சோதிக்கலாம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. ஓம் கணக்கு சீராக இறங்காமல் தாவினால் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளினால் எர்த் கெட்டு, முள் சோம்பேறியாகிவிடும்.

புது சென்சார் பழைய மீட்டரோடு ஒத்துப்போகாமல் அதிகமாகக் காட்டுவதும் உண்டு. வயரில் தொடராக ஒரு சிறு ரெசிஸ்டரைச் சேர்த்தால் முள் இறங்கிவிடும். மீட்டரின் முதுகிலுள்ள சிறு துளைகள் வழியே முள்ளை நகர்த்தவும் முடியும். ஆனால் இது உள்ளிருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைவதால் நகரும் முள்; நிலைக்கு வர நேரம் எடுக்கும். அதற்குள் இன்னொரு முறை திருகாதவரைக் காண்பது அரிது.

இரண்டு மீட்டரும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் குற்றவாளி வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னத் தகர டப்பா அது. உள்ளே ஒரு பட்டை சூடாகி விலகி, ஆறி ஒட்டி, பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரி 10 ஆக்கித் தரும். டப்பாவின் எர்த் விட்டுப்போனால் பட்டை சூடாகாது, விலகாது; முழு வோல்ட்டும் அப்படியே மீட்டர்களுக்குப் போகும். துருவைச் சுரண்டி எர்த்தைச் சரிசெய்தாலே பாதி வண்டிகள் குணமாகிவிடும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டரை வைக்கலாம்.

சூட்டு முள் நடுவில் வந்து நிற்கும். அதே நொடியில் பெட்ரோல் முள்ளும் இறங்கும். அரை டேங்க் என்று நம்பியிருந்தது கால் டேங்க்தான்.