பிரிப்பதற்கு முன்

கே: கும்பப்பூ பருவத்துக்குத் தொளியடிக்க டிராக்டரை வயலில் இறக்கினால் எஞ்சின் இரைகிறது, சக்கரம் சுற்றமாட்டேன் என்கிறது. வண்டியைப் பிரித்து கிளட்ச் பிளேட் மாற்றவேண்டும் என்கிறார்கள். உண்மையா? (பூதப்பாண்டி)

ப: இருக்கலாம். ஆனால் முதலில் பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பாரம் தட்டும் முன் ஏறக்குறைய ஓர் அங்குலம் சும்மா இறங்கவேண்டும் (சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்). பிளேட் தேயத் தேய இந்த 'பிளே' குறையும். அது அறவே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை அமுக்கிக்கொண்டிருக்கும். பிளேட் முழுசாகப் பிடிக்காது. பெடலுக்குக் கீழே இருக்கும் ராடைத் திருகினால் போதும், செலவே இல்லை. பிறகு காய்ந்த தரையில், முன்னால் ஆளில்லாமல், பிரேக்கை இறுக்கி மேல் கியரில் கிளட்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிளேட் நல்லது. அணையாமல் ஓடினால் பிரிக்கத்தான் வேண்டும். அதைத் தொளிக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மெக்கானிக் வருவதற்குள் நாற்று முற்றிவிடும்.

கே: புது பிளேட் போட்டும் வழுக்குகிறதே? (தாழக்குடி)

ப: எண்ணெய் பட்டிருக்கும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். கறுத்து, நீர்த்து ஒழுகினால் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல். கெட்டியாக, நெடியோடு வந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடவேண்டாம். இன்னொன்று: அந்த ஓட்டையைச் சேறு அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கிப் பிளேட்டை நனைக்கும்.

கே: அறுப்பு முடிந்து ஷெட்டில் கிடந்த வண்டி. இப்போது கிளட்சை முழுக்க மிதித்தும் எந்தக் கியரும் விழவில்லை, கறகறவென்கிறது. (மணக்குடி)

ப: பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. கடற்காற்று அடிக்கும் உங்கள் ஊரில் இது சகஜம். நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். பிறகு நல்ல வெட்டவெளியில், சுவரோ ஆளோ எதிரே இல்லாமல், மேல் கியரில் ஸ்டார்ட் செய்து, ஓட்டத்தில் கிளட்சை மிதித்தபடியே பிரேக்கை அழுத்துங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் முயலவேண்டாம். அடுத்தமுறை நிறுத்தும்போது பெடலை அமுக்கி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து வையுங்கள்.

கே: கிளட்சை மிதித்தால் கீச்சென்கிறது. (இறச்சகுளம்)

ப: ரிலீஸ் பேரிங். மிதித்தால் அடங்கி, விட்டால் கேட்கும் சத்தம் என்றால் கியர்பாக்ஸ் பேரிங்.

கே: 1035 டிராக்டரில் கிளட்சைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கிறது, ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழுதா? (தோவாளை)

ப: பழுதல்ல, இரட்டைக் கிளட்ச். முதல் பாதி சக்கரத்துக்கு, மறுபாதி ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ.வுக்கு. ரோட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை எடுக்கக் குனிவதற்கு முன் கிளட்சை நம்பாதீர்கள். எஞ்சினை அணைத்தே தீரவேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொரு டிரைவரையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கே: கியர் லிவர் சும்மா ஆடுகிறது, வண்டி நகரவும் இல்லை. (தேரூர்)

ப: ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்திருக்கலாம். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். செலக்டர்களைக் கம்பியால் நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் விடுபடும். பெரும்பாலும் லிவரின் நுனி தேய்ந்ததுதான் காரணம். அதை வெல்டிங் வைத்து அரம் போட்டால் நாள்பட ஓடும். மூடியைத் திறந்த கையோடு கியர் ஆயிலையும் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.