கெடு முடிந்தும் காசு கொடுத்தவர்

மைசூரில் ரூபாய் நோட்டு அச்சாகிறது. அதற்கான காகிதமும் அங்கேயே தயாராகிறது. போதாததற்கு, 2022-ல் ரிசர்வ் வங்கியின் அச்சகம் ‘வர்ணிகா’ என்று மைக்கும் ஓர் ஆலையைத் திறந்துவிட்டது. இத்தனை காவலோடு பிறக்கிற நோட்டு, பல காலம் நம் கைக்கு வந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற ஏடிஎம் வழியாக.

2001-ல் பிறந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பெரிய கும்பிடாகப் போட்டது. இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. நம் வங்கிகள் பதறவில்லை. காசுதான் வருகிறதே, ஓடுகிற மெஷினை எதற்குத் தொடுவானேன்?

மூன்று வருஷம் கழித்து, 2017 ஏப்ரல் 17-ல், ரிசர்வ் வங்கி ரகசியமாக ஒரு சுற்றறிக்கை அனுப்பிக் கவலைப்பட்டது. அசைவில்லை. 2018 ஜூனில், ஏடிஎம்களில் எக்ஸ்பியை மாற்றச் சொல்லிப் பகிரங்கமாகவே கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் எல்லாம். கிட்டத்தட்ட ஃபிரிட்ஜ் தவணை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ரகசியச் சுற்றறிக்கைக்குப் பதினாறு நாள் முன்னால், 1913-ல் தொடங்கிய ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் எஸ்பிஐயில் கரைந்துபோனது. நூறு வயசு தாண்டிய வங்கிக்கு ஒரே நாளில் விடை கொடுக்க முடிந்தது. பதினேழு வயசுகூட நிரம்பாத சாஃப்ட்வேருக்குத்தான் நாலு தவணை.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் சீட்டுக் கிழிந்துவிட்டது. நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பாது என்பதில் ஒரு நிம்மதி.