பார்மட் அண்ணன்

பார்மட் அண்ணன் என்பவர் திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும், வேடசந்தூர், வத்தலக்குண்டு பக்கமென்றால் ஜெராக்ஸ் கடையின் உள்ளறையிலும் காணப்படுபவர். வயது 25-க்கு மேல், 40-க்குள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், சட்டைப்பையில் நான்கு பென் டிரைவ், நாக்கு நுனியில் எந்நேரமும் ஒரு வாக்கியம்: "பார்மட் அடிச்சுருவோம்ணே." கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் இதுதான் மருந்து. சார்ஜர் வயர் அறுந்திருந்தாலும் இதுதான்.

இவர் வித்தை முழுவதும் 'நெக்ஸ்ட்' என்ற ஒரே பொத்தானில் அடக்கம். இன்ஸ்டாலர் கேட்கும் கேள்வியை நின்று படிப்பவன் தொழிலுக்குப் புதுசு என்பது இவர் கட்சி. இன்ஸ்டாலர் எழுதுகிறவர்களும் போகப்போக இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். உபுண்டு லினக்ஸின் பழைய இன்ஸ்டாலரில், விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா, டிஸ்க் முழுக்க அழித்துவிட்டுப் போடவா என்பதுதான் பெரிய கேள்வி. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பூட் லோடரை எந்த டிஸ்கில் வைப்பது என்ற கேள்வி, 'வேறு வழி' என்று கடைசியில் இருப்பதற்குள் நுழைந்தால்தான், பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டியாகத் தெரியும். அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

டெபியன் இன்ஸ்டாலர் மட்டும் பழைய காலத்துக் கணக்கு வாத்தியார். தன் பூட் லோடரைப் பேர் சொல்லி, 'கிரப்பை எங்கே வைக்க?' என்று நேராகவே கேட்டுவிடும். அண்ணன் பட்டியலில் கண்ணில் பட்ட டிஸ்கை அமுக்குவார். சில சமயம் அது, இன்ஸ்டால் செய்வதற்காகச் செருகிய அவருடைய பென் டிரைவாகவே இருந்துவிடும். கடையில் எல்லாம் ஜோராக ஓடும். பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆளை அனுப்பிவைப்பார். வீட்டில் போய்த் திறந்தால் லினக்ஸ் எழுந்திருக்காது. பூட்டு வீட்டில், சாவி அண்ணன் சட்டைப்பையில். மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன, 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிய ஊரில் இது நடப்பதுதான் வேடிக்கை.

அண்ணனின் பொற்காலம் 2011 செப்டம்பர் 15-இல் பிறந்தது. அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதல் சில ஆண்டுகள் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே குடியிருந்தன. சின்னாளபட்டியிலிருந்து ஒரு தகப்பனார், மகளின் மடிக்கணினியை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வருவார்.

"தம்பி, இதுல ரெண்டு இருக்காம்ல. நமக்கு ஒண்ணு போதும்ப்பா."

"லினக்ஸத் தூக்கிருவோம்யா. இடமும் மிச்சமாகும்."

விண்டோஸுக்குள் போய், லினக்ஸ் இருந்த பகுதியின் மேல் ரைட் கிளிக், டெலீட். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. அதில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற எழுத்து, பக்கத்தில் சிமிட்டிக்கொண்டே ஒரு கோடு.

நடந்தது இதுதான். அந்தக் கால டிஸ்கில் முதல் 512 பைட்டுக்குள் பூட் நிரலுக்கென்று இருப்பது 446 பைட். அதிலும் அதையொட்டிய இடுக்கிலும் கிரப் முழுக் குடித்தனம் நடத்த முடியாது. திண்ணையில் ஒரு காவலாளை உட்கார்த்திவிட்டு, தட்டுமுட்டுச் சாமானெல்லாம் உள்ளே லினக்ஸ் பகுதியில் வைத்திருக்கும். அண்ணன் இடித்தது உள்வீட்டை. திண்ணைக்காரர் உள்ளே குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதில் வராமல் விழித்துக்கொண்டிருக்கிறார். விண்டோஸ் டிஸ்கைப் போட்டு 'பூட்ரெக்' என்ற கட்டளையில் அவரை மாற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் தீரும். அண்ணன்மாரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வெளியே சொல்ல மாட்டார்கள்.

"பேட் செக்டாருங்கய்யா. பார்மட் அடிச்சாத்தான் சரிவரும்."

பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்தபோது அண்ணனுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அதில் பூட் லோடர்களுக்கென்று தனிப் பகுதி, ஆளுக்கொரு போல்டர். ஒன்றை ஒன்று மிதிக்கத் தேவையில்லை. கைகொடுத்தது 2021-இல் வந்த கிரப் 2.06. டிஸ்கில் வேறு என்ன இயங்குதளம் இருக்கிறதென்று துழாவும் ஓஎஸ்-ப்ரோபரை, பாதுகாப்பு கருதி, அது அணைத்தே அனுப்பியது. அதனால் சில லினக்ஸ்களில் பூட் பட்டியலிலிருந்து விண்டோஸ் காணாமல் போனது. டிஸ்கில் கல்லுக்குண்டாக இருக்கும். அமைவுக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திப் பட்டியலைப் புதுப்பித்தால் வந்து நிற்கும். அண்ணன் பட்டியலை ஒருமுறை பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சே தம்பி." கை அதற்குள் சட்டைப்பைக்குப் போயிருக்கும்.

அண்ணனின் கடைக் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. அதை அவர் ஒருநாளும் பார்மட் அடித்ததில்லை. பில் போடுகிற சாஃப்ட்வேர் போய்விடும் என்று பயம்.